சென்சாரை மாற்றும் முன் பழுதை நிரூபித்துக் காட்டும் ஒரு நடமாடும் சேவை

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் கருங்கல் குவாரிகளுக்கும் சாலைப் பணிகளுக்கும் எக்ஸ்கவேட்டர்களை வாடகைக்கு விடும் தொழிலில் இருக்கிறேன். கனரக இயந்திரங்களின் எஞ்சின் சென்சார் பழுதுகளை வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து கண்டறிந்து கொடுக்கும் இந்தச் சேவையைப் பற்றி இரண்டு வரியில் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இவர்கள் எதைச் செய்கிறார்கள், எந்த வரிசையில் செய்கிறார்கள், எதைச் செய்ய மறுக்கிறார்கள், எங்கே குறை வைக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் மற்ற வண்டி உரிமையாளர்கள் பணம் கொடுத்து இவர்களை அழைக்கலாமா என்று முடிவெடுக்க முடியும்.

மெக்கானிக்கல் பம்பு வைத்த பழைய எஞ்சின்களில் டீசலும் காற்றும் சரியாக இருந்தால் வண்டி ஓடும். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில், அதாவது டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அனைத்துக்கும் பொதுவான ரெயில் என்ற ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைக்கும் எஞ்சினில், கிராங்க், கேம் தண்டுகளின் சுழற்சி, ரெயில் பிரஷர், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட், ஆயில் பிரஷர், கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், டீசலில் தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் ஒரு சென்சார் கவனித்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம்முக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் முக்கியமான ஒன்று தவறாகச் சொன்னாலும் ஈசிஎம் பெரும்பாலும் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக பவரைக் குறைத்துவிடுகிறது. நம் நாட்டில் சக்கரங்களில் ஓடும் கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டின் நான்காம் கட்ட விதியும், 2025 ஜனவரி முதல் ஐந்தாம் கட்ட விதியும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், பேக்ஹோ லோடர் வைத்திருக்கும் சிறு உரிமையாளருக்கும் இந்தச் சிக்கல் இனி தவிர்க்க முடியாதது. எனவே ஈசிஎம் பதிவுசெய்யும் பழுது எண்ணான எரர் கோடைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படித்த கோடை வைத்து முறையாக மேற்கொண்டு தேடத் தெரிந்தவர்கள்தான் குறைவு, இந்தச் சேவையின் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

நான் இவர்களை முதலில் அழைத்தது 20 டன் வகுப்பு எக்ஸ்கவேட்டர் ஒன்றுக்காக. குவாரியில் பெரிய கற்களைப் பிரேக்கர் வைத்து உடைக்கும்போது மட்டும் திடீரென எஞ்சின் பவர் இழந்துவிடும். மானிட்டரில் ஒரே நேரத்தில் ரெயில் பிரஷர், பூஸ்ட், ஆயில் பிரஷர் ஆகிய மூன்றுக்கும் கோடு வரும். சாவியை அணைத்து மீண்டும் போட்டால் எல்லாம் மறைந்து வண்டி சாதுவாக ஓடும். முன்னதாக வந்து பார்த்த ஒரு பட்டறை, மூன்று சென்சாரையும் மாற்றிவிடலாம் என்று விலைப்பட்டியல் கொடுத்திருந்தது. மூன்று சென்சார்கள் ஒரே நொடியில் கெட்டு, சாவியைத் திருப்பியதும் ஒரே நொடியில் குணமாவது நடக்கக்கூடியதா என்ற சந்தேகத்தில்தான் இவர்களைத் தொலைபேசியில் பிடித்தேன்.

வந்த டெக்னீஷியன் வண்டியைத் தொடுவதற்கு முன் ஆபரேட்டரை அழைத்து உட்கார வைத்தார். "தம்பி, லைட் எரியறப்ப பக்கெட்ல வேலையா, பிரேக்கர்லயா? காலையில குளிர் எஞ்சின்ல வருமா, சூடானப்புறம்தான் வருமா? கடைசியா வண்டியில என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார். "சூடோ குளிரோ ஒண்ணும் இல்லண்ணா, பிரேக்கர் அடிச்சா வரும், நிறுத்துனா வராது. போன மாசம் ஸ்டார்ட்டர் கழட்டி மாட்டுனாங்க" என்றான் பையன். எந்தக் கருவியும் சொல்லாத செய்தி அந்தப் பதிலில் இருந்தது: பழுது வெப்பத்தோடு தொடர்புடையது அல்ல, அதிர்வோடு தொடர்புடையது, அண்மையில் கை வைத்த இடமும் இன்னதென்று தெரிந்துவிட்டது. நான் பார்த்த வரையில் பெரும்பாலான இடங்களில் ஆபரேட்டரிடம் யாரும் எதையும் கேட்பதே இல்லை. நாள் முழுவதும் அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவன் அவன் ஒருவன்தான்.

அதன்பிறகு கேபினில் இருக்கும் ஒன்பது பின் டயக்னாஸ்டிக் கனெக்டரில் அடாப்டரை மாட்டி, மடிக்கணினியில் கோடுகள் அனைத்தையும் எடுத்தார். எடுத்தவுடன் அழிக்கவில்லை. ஒவ்வொரு கோடும் எத்தனை முறை வந்தது, எந்த ஹவர் மீட்டர் கணக்கில் முதலில் வந்தது, எந்த வரிசையில் வந்தது, அப்போது எஞ்சின் வேகமும் லோடும் என்ன என்பதை எல்லாம் காகிதத்தில் எழுதிக்கொண்டார். கோடை அழித்துவிட்டு, திரும்ப வருகிறதா பார்ப்போம் என்று தொடங்குபவர்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சியத்தையும் அழித்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கியாக வேண்டும். கனரக இயந்திரங்களில் பெரும்பாலானவை பின்பற்றும் ஜே1939 என்ற பொதுவான தகவல் பரிமாற்ற முறையில் ஒவ்வொரு கோடும் இரண்டு எண்களால் ஆனது. எஸ்பிஎன் என்ற முதல் எண் எந்த அளவீடு என்பதைச் சொல்லும்: 100 என்றால் ஆயில் பிரஷர், 102 என்றால் பூஸ்ட், 110 என்றால் கூலன்ட் வெப்பம், 157 என்றால் ரெயில் பிரஷர், 190 என்றால் எஞ்சின் வேகம். எஃப்எம்ஐ என்ற இரண்டாவது எண் என்ன வகைக் கோளாறு என்பதைச் சொல்லும். பலரும் முதல் எண்ணைப் படித்ததும் அந்தச் சென்சாரை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது இரண்டாவது எண்தான். எஸ்பிஎன் 100 உடன் எஃப்எம்ஐ 3 அல்லது 4 வந்தால், சிக்னல் வோல்டேஜ் இருக்கவே முடியாத அளவுக்கு ஏறியோ இறங்கியோ இருக்கிறது, அதாவது ஒயர், கனெக்டர், சென்சார், ஈசிஎம் ஆகிய நான்கில் எங்கோ மின் பழுது என்று பொருள். அதே எஸ்பிஎன் 100 உடன் எஃப்எம்ஐ 1 வந்தால், சென்சார் நம்பத்தகுந்த வோல்டேஜைத்தான் கொடுக்கிறது, அது சொல்லும் ஆயில் பிரஷர் அபாயமான அளவுக்குக் குறைவு என்று பொருள். முதலாவதில் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். இரண்டாவதில் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி, சென்சார் பொய் சொல்கிறது என்று வண்டியை ஓட்டியதால் பேரிங் கடித்து கிராங்க் போன கதைகள் நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வண்டியில் வந்த மூன்று கோடுகளிலும் எஃப்எம்ஐ 4 இருந்தது. மானிட்டர் காட்டாத நான்காவது கோடு ஒன்றும் மடிக்கணினியில் இருந்தது: எஸ்பிஎன் 3509, எஃப்எம்ஐ 4, அதாவது சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்கும் 5 வோல்ட் சப்ளை குறைந்திருக்கிறது. எண்ணிக்கையில் அதுவே அதிகம். நேர வரிசையிலும் அதுவே முதல். பிரஷர் சென்சார்கள் பொதுவாக மூன்று ஒயர்கள் கொண்டவை: ஒன்றில் 5 வோல்ட் சப்ளை, ஒன்றில் எர்த், மூன்றாவதில் ஏறத்தாழ அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும் சிக்னல். அந்த 5 வோல்ட்டை ஈசிஎம் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாகக் கொடுப்பதில்லை. தெருவுக்கு வரும் ஒரே தண்ணீர்க் குழாயில் நான்கு வீடுகள் இணைப்பு எடுத்திருப்பதுபோல, பல சென்சார்கள் ஒரே சப்ளையைப் பகிர்ந்துகொள்கின்றன. எங்கோ ஓர் இடத்தில் ஷார்ட் ஆனால் அந்த வரிசையில் உள்ள எல்லாச் சென்சார்களின் சிக்னலும் ஒன்றாகப் படுத்துவிடும். மூன்று சென்சாருக்குப் போடப்பட்டிருந்த விலைப்பட்டியல் அப்போதே பொருளற்றதாகிவிட்டது, ஆனால் அவர் அதைச் சொல்லி நேரத்தைப் போக்காமல் வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்து அவர் செய்த வேலைக்காகவே இந்த மதிப்புரையை எழுதலாம். மல்டிமீட்டரை மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் பதிவுசெய்யும் நிலையில் வைத்து, ரெயில் பிரஷர் சென்சாரின் கனெக்டரில் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகி, 5 வோல்ட் ஒயரைக் கவனித்தார். ஒயரின் மேலுறையைக் குத்தி அளக்கவில்லை; அப்படிக் குத்திய துளை வழியாக மழைநீர் இறங்கி, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்துப் புதிய பழுது ஒன்று பிறக்கும் என்பதால் அவர்கள் அதை ஒருபோதும் செய்வதில்லை என்றார். எஞ்சின் ஓடாதபோது 5 வோல்ட் ஒழுங்காக இருந்தது. லோடு இல்லாமல் மெதுவாக ஓடும் ஐடிலிலும் இருந்தது. ஆபரேட்டரை பிரேக்கர் அடிக்கச் சொன்னதும் மீட்டரில் பதிவான குறைந்த அளவு ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. பழுது நம் கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. பிறகு அந்தச் சப்ளையில் உள்ள சென்சார்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் பிரேக்கரை அடிக்கச் செய்து பார்த்தார். ஏதாவது ஒரு சென்சாரின் உள்ளே ஷார்ட் என்றால் அதைக் கழற்றியதும் 5 வோல்ட் நிலைபெற்றிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் வோல்டேஜ் விழுந்தது. ஆக, குற்றவாளி எந்தச் சென்சாரும் அல்ல, ஒயர்தான் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

இறுதியாக பேட்டரி சுவிட்சை அணைத்து, ஈசிஎம் கனெக்டரைக் கழற்றி, 5 வோல்ட் ஒயருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே ஓம் அளவு பார்த்தார். எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாத இடம் அது. ஒயர்களின் கட்டான ஹார்னஸைக் கையால் பகுதி பகுதியாக அசைத்துக்கொண்டே போனபோது ஸ்டார்ட்டருக்கு மேலே ஓரிடத்தில் மீட்டர் சில ஓம் காட்டியது. அங்கே ஹார்னஸைப் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் வைத்த கிளிப்பைக் காணவில்லை. ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டியபோது திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். தொங்கிய ஹார்னஸ் பிராக்கெட் விளிம்பில் உரசி, உறை தேய்ந்து, உள்ளே ஓர் ஒயரின் செம்பு மினுங்கியது. தேய்ந்த பகுதியை வெட்டி, சரியான கிரிம்ப் போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கி, புதிய குழல் மூடி, கிளிப்பைப் புதிதாகப் போட்டார். ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றும் வேலையை இவர்கள் செய்வதில்லை. மீண்டும் மீட்டரை மாட்டி, பிரேக்கரைத் தொடர்ந்து அடிக்கச் செய்து, குறைந்தபட்ச வோல்டேஜ் அசையாமல் நிற்பதை என்னிடம் காட்டிய பிறகே கோடுகளை அழித்தார். அதன் பின் அந்த வண்டியில் அந்தப் பழுது வரவில்லை.

இன்னொரு வண்டியின் அனுபவம் இதற்கு நேர் எதிரானது என்பதால் அதையும் சொல்ல வேண்டும். லோடு கொடுத்தால் எஸ்பிஎன் 157, எஃப்எம்ஐ 18 என்று வந்தது. ரெயில் பிரஷர் இருக்க வேண்டியதைவிடக் குறைவு என்பது அதன் பொருள். சாவி போட்ட நிலையில், எஞ்சின் ஓடாதபோது, ரெயில் பிரஷர் சுழிக்கு அருகில் காட்டுகிறதா என்று முதலில் பார்த்தார், காட்டியது. ஐடிலில் ஈசிஎம் கேட்கும் பிரஷரும் சென்சார் சொல்லும் பிரஷரும் ஒட்டியே இருந்தன; லோடு ஏற ஏற உண்மைப் பிரஷர் மட்டும் பின்தங்கியது. சென்சார் நேர்மையாகத்தான் பேசுகிறது, டீசல்தான் வந்து சேரவில்லை என்று முடிவெடுத்து, சப்ளை பம்புக்கு முன்னால் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக இணைத்தார். அதில் காற்றுக் குமிழிகள் ஓடின. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் தலைப்பகுதியில் ஓ-ரிங் வெட்டுப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட வண்டிகளில் ரெயில் சென்சாரை மாற்றுவது வீண் செலவு. இந்த வண்டிக்கு ஓர் ஓ-ரிங்கும் ஃபில்டரும் போதுமானதாக இருந்தன. அப்போது அவர் ஆபரேட்டர்களை நிற்க வைத்துக் கொடுத்த எச்சரிக்கையையும் இங்கே பதிவு செய்கிறேன்: பழைய எஞ்சினில் செய்ததைப்போல, ஓடும் காமன் ரெயில் எஞ்சினில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. அந்தக் குழாயில் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். சிறு கசிவும் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் செலுத்திவிடும், வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

ஆயில் பிரஷர் விஷயத்தில் இவர்களின் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எஃப்எம்ஐ 1 வந்த எந்த வண்டியிலும், சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன், முள் காட்டும் மெக்கானிக்கல் கேஜை எஞ்சின் பிளாக்கில் மாட்டி, குளிரிலும் சூட்டிலும் பிரஷரை அளக்கிறார்கள். கேஜும் சென்சாரும் ஒன்றையே சொன்னால் எஞ்சினில் கோளாறு. கேஜ் நல்ல பிரஷரைக் காட்டி மானிட்டர் மட்டும் குறைத்துக் காட்டினால் சென்சார் பக்கம் கோளாறு. அரை மணி நேர வேலை. கூலன்ட் வெப்ப சென்சாருக்கும் இதேபோல் எளிய சோதனை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது இரண்டு ஒயர் சென்சார். சூடு ஏறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். கனெக்டரைக் கழற்றினால் மடிக்கணினியில் வெப்பம் மைனஸ் 40 டிகிரிப் பக்கம் போக வேண்டும். ஹார்னஸ் பக்கத்து இரண்டு பின்களை இணைத்தால் உச்ச வெப்பம் காட்ட வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் ஈசிஎம்மும் நன்றாக இருக்கின்றன, மாற்ற வேண்டியது சென்சாரைத்தான். ஆனால் 5 வோல்ட் வரும் மூன்று ஒயர் சென்சாரில் இப்படி எதையும் எதோடும் இணைத்துப் பார்க்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

குளிர்ந்த எஞ்சினில் காலையில் செய்யும் பரிசோதனைதான் நான் இவர்களிடம் கற்றுக்கொண்டதில் மிகவும் பயனுள்ளது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் சாவியை மட்டும் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், எல்லா அளவீடுகளையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். கூலன்ட், டீசல், உள்ளிழுக்கும் காற்று ஆகியவற்றின் வெப்பம் மூன்றும் வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டி ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் விலகி நின்றால் அதைக் கவனிக்க வேண்டும். ஆயில் பிரஷர் சுழி. வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அழுத்தத்தை அளக்கும் வகைப் பூஸ்ட் சென்சார், அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்டுவது, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உள்ள எங்கள் ஓசூரில் 91 அளவில்தான் இருக்கும். சமவெளியிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் இந்த 91-ஐப் பார்த்துப் பூஸ்ட் சென்சார் குறைத்துக் காட்டுகிறது என்று முடிவுகட்டக்கூடும். உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்பவருக்கு அந்தச் சந்தேகமே எழாது. கோடு எதுவும் வராமல் மெல்ல மெல்ல விலகிப்போகும் சென்சாரைப் பிடிக்க இந்தச் சோதனையைவிட எளிய வழி எதையும் நான் அறியவில்லை.

சென்சாரே கெட்டிருக்கும் இடங்களும் உண்டு. அப்போது இவர்கள் பாக எண்ணைச் சரிபார்த்து, உரிமையாளரையே முறையான விற்பனையாளரிடம் வாங்கிவரச் சொல்கிறார்கள். அதே மரை, அதே பிளக், மூன்றில் ஒரு பங்கு விலை என்று கிடைக்கும் நகல் சென்சார்களில் வோல்டேஜுக்கும் பிரஷருக்கும் உள்ள கணக்கு வேறாக இருக்கலாம். மாட்டியவுடன் கோடு மறையும், ஆனால் ஈசிஎம்முக்குப் போகும் எண் தவறாக இருக்கும். தவறான எண்ணை நம்பி எஞ்சின் ஓடுவதைவிடக் கோடு எரிந்துகொண்டிருப்பது நல்லது என்று டெக்னீஷியன் சொன்னதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

இவர்கள் மறுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. புகை வடிகட்டி வைத்த புதிய வண்டிகளில், அந்த அமைப்பின் சென்சார்களை மென்பொருளில் அணைத்துவிடுங்கள், கோடு வராமல் செய்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் பெருகிவருகிறார்கள். என் முன்னாலேயே ஒருவர் தொலைபேசியில் நல்ல தொகை தருவதாகச் சொன்னார். செய்ய முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, வண்டியின் அடுத்தடுத்த பழுதுகளையெல்லாம் கண்டறிய முடியாமல் செய்துவிடும் வேலையும்கூட.

இனி குறைகள். அழைத்த அன்றே வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். மழைக்காலம் தொடங்கியதும், எல்லா வண்டிகளின் கனெக்டர்களிலும் தண்ணீர் இறங்கும் வாரங்களில், காத்திருப்பு நீள்கிறது. அந்த நாட்களில் குவாரிக்காரரிடம் பதில் சொல்லும் பொறுப்பு நம்முடையதுதான். இரவில் வேலை செய்வதில்லை. பழுதைக் கண்டுபிடித்த பிறகு தேவைப்படும் கனெக்டர், டெர்மினல் வகைகளை வண்டியில் வைத்திருந்தாலும், சென்சார்களை இருப்பு வைப்பதில்லை என்பதால் இரண்டாவது முறை வரவேண்டியிருக்கிறது, அதற்குத் தனிப் பயணக் கட்டணம் உண்டு. முடிவில் கொடுக்கும் அறிக்கை கையால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எண்கள் எல்லாம் அதில் இருந்தாலும் ஆபரேட்டரால் படிக்க முடியாது. தமிழில் ஒரு பக்கம் கொடுத்தால் அதைக் கேபினிலேயே ஒட்டிவைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் செய்யவில்லை.

கருவியின் எல்லை ஒன்றும் உண்டு. எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் பொதுவான மென்பொருளால் ஜே1939-இன் பொதுக் கோடுகளையும் அளவீடுகளையும் படிக்க முடியும். தயாரிப்பாளர் தனக்கென வைத்திருக்கும் கோடுகள், புதிய இன்ஜெக்டரின் திருத்த எண்ணைப் பதிவது, ஈசிஎம்முக்கு மென்பொருள் ஏற்றுவது போன்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளும் அனுமதியும் தேவை. சில எஞ்சின்களுக்கு அது இவர்களிடம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் இல்லை. இல்லாத இடத்தில் முயன்று பார்க்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாமல், இது டீலர் வேலை என்று சொல்லி, அதுவரை எடுத்த அளவீடுகளை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோனபோது டீலர் பட்டறையிலும் வேலை விரைவாக முடிந்தது.

கட்டணத்தைப் பற்றி: பயணத்துக்கும் சோதனைக்கும் தனித்தனியாக வாங்குகிறார்கள், ஒயரிங் பழுதுபார்ப்புக்கு நேரக் கணக்கு. பழுது அகப்படாவிட்டாலும் சோதனைக் கட்டணம் உண்டு. இதில் சிலருக்கு வருத்தம் இருப்பதை அறிவேன். ஆனால் சோதனைக்குக் கூலி கொடுக்காத இடத்தில், மெக்கானிக் பாகத்தை விற்றுத்தான் தன் கூலியை எடுக்க வேண்டியிருக்கும்; தேவையற்ற சென்சார்கள் மாட்டப்படுவதற்கு அதுவே முதல் காரணம். எங்கள் முதல் வண்டிக்கு ஆன மொத்தச் செலவு, பரிந்துரைக்கப்பட்ட மூன்று சென்சார்களில் ஒன்றின் விலையைவிடக் குறைவு.

அழைப்பவர்கள் சிலவற்றைத் தயாராக வைத்திருந்தால் இவர்களின் நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும். கோடு எரியும்போது மானிட்டரைப் படம் எடுத்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியோ, வேறு யாரையாவது வைத்தோ கோடுகளை அழிக்காதீர்கள். எந்த வேலையின்போது வருகிறது என்பதை ஆபரேட்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவரையே அன்று வண்டியோடு இருக்கச் சொல்லுங்கள். அண்மையில் பக்கெட்டிலோ பூமிலோ வெல்டிங் நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பேட்டரியை அணைக்காமல், ஈசிஎம் கனெக்டர்களைக் கழற்றாமல், எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்திலிருந்து வெகு தூரத்தில் மாட்டிச் செய்த வெல்டிங்கால் கெட்ட எலக்ட்ரானிக்ஸை இவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள், அதை முன்கூட்டியே அறிந்தால் தேடும் திசையே மாறிவிடும். அழுத்தமான தண்ணீர் பீய்ச்சி எஞ்சினைக் கழுவியிருந்தாலும், நிறுத்தி வைத்த வண்டிக்குள் எலி புகுந்திருந்தாலும் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே ஓடிச் சூடான வண்டியில் அந்தச் சாவி போட்ட சோதனையைச் செய்ய முடியாது, அதற்காக எஞ்சின் ஆறும் வரை காத்திருக்கும் நேரமும் கட்டணத்தில் சேர்ந்துவிடும்.